தொப்பி அணிந்த மறுநாள்

(தாதியர் தினத்தை ஒட்டி அளவெட்டியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பைச் சொன்னவுடன் கூட்டத் தலைவர் சிரித்தார். அளவெட்டியில் வந்து தொப்பி என்று சொன்னால் யாருக்கு முதலில் தாதியின் நினைவு வரும்? தவிலின் இடப்பக்கத்துக்கும் தொப்பி என்றுதானே பெயர்! தவில் மேதை தட்சணாமூர்த்தி வாழ்ந்த ஊர் இது. நாதஸ்வர வித்துவான் என்.கே. பத்மநாதன் ஊதிய ஊர் இது. இங்கே தொப்பி என்றால் தடியால் அடிப்பதுதான். நான் பேச வந்தது தலையில் வைக்கிற தொப்பியைப் பற்றி. ஆனால் கொஞ்ச நேரத்தில் தவிலுக்கும் வருவேன். வராமல் இந்த ஊரில் யாரும் பேசி முடித்ததில்லை.

என் பேச்சுக்கு ஒரே ஒரு கேள்விதான். படிப்பை முடித்து, தொப்பி அணிந்து, நியமனக் கடிதத்தோடு ஒரு பிள்ளை ஆசுப்பத்திரி வாட்டுக்குள் நுழைகிறாள். அந்த முதல் நாள், அந்த முதல் கிழமை, அந்த முதல் வருஷம், அவள் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்?

ஒரு கதை சொல்கிறேன். எந்த ஆசுப்பத்திரி, எந்த ஆண்டு என்று கேட்காதீர்கள். டெங்கு பரவியிருந்த ஒரு மழைக்காலம். வாட்டு நிரம்பி, கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையில் பாய் விரித்திருந்தார்கள். இரவு டியூட்டி. உங்களில் பலருக்குத் தெரியும், எங்கள் இரவு டியூட்டி மாலை 7 மணிக்குத் தொடங்கிக் காலை 7 மணிக்குத்தான் முடியும். பன்னிரண்டு மணித்தியாலம். வேலைக்கு வந்து மூன்றாவது கிழமையில் ஒரு பிள்ளை அந்த இரவில் நின்றாள். பத்து வயதுப் பையன் ஒருவன். நாலு நாளாகக் காய்ந்த உடம்பு. அன்று இரவு அவள் வெப்பமானியை எடுத்துப் பார்த்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. மனம் குளிர்ந்து தாயிடம் சொன்னாள்: "அம்மா, காய்ச்சல் விட்டிட்டுது. இனிப் பயமில்லை. நீங்களும் கொஞ்சம் படுங்கோ."

அந்த நேரம் பக்கத்து வாட்டிலிருந்து ஏதோ மருந்து கடன் வாங்க ஒரு மூத்த மிசி வந்தா. வாசலில் நின்றபடியே பையனைப் பார்த்தா. கடன் வாங்க வந்ததை மறந்தா. கட்டிலடிக்கு வந்து பெட்ஷீற்றைத் தூக்கிப் பையனின் பாதத்தைத் தொட்டா. பிறகு கேட்டா: "பிள்ளை, கடைசியா எப்ப சலம் போனவன்? எவ்வளவு போனவன்? பிரஷர் எவ்வளவு?"

பிரஷர் மேலே 100, கீழே 82. பாதம் குளிர்ந்திருந்தது. பின்னேரத்துக்குப் பிறகு சலம் போகவில்லை.

டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்துத் தொடங்குகிற நேரம். இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும். பிரஷரின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் ஒன்றையொன்று நெருங்கும். இரண்டுக்கும் இடையே 20 அல்லது அதிலும் குறைவு என்றால், ஓடிப்போய் டொக்டரை எழுப்ப வேண்டும். எழுப்பினார்கள். பையன் பிழைத்தான்.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். அந்தப் பிள்ளைக்கு இது தெரியாதா? தெரியும். இறுதிப் பரீட்சையில் இந்தக் கேள்வியே வந்தது. சரியாக எழுதியிருந்தாள். பிறகு என்னிடம் வந்து அழுதபோது அவள் சொன்னது அதைத்தான்: "மிஸ், எழுதின எனக்கு ஏன் அங்க நிண்டு தெரியேல்லை?"

ஏன் தெரியவில்லை? இந்தக் கேள்வியோடு நான் இருபது வருஷமாக அலைகிறேன்.

பரீட்சைத் தாளில் கேள்வி தானாக வந்து நிற்கும். "டெங்கு நோயாளியின் ஆபத்துக் கட்டத்தை விளக்குக" என்று அது தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும். வாட்டில் எந்த நோயாளியும் அப்படித் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நாற்பது பேர் படுத்திருப்பார்கள். ஒருவர் தண்ணி கேட்பார். ஒருவருக்கு சேலைன் ஊறி கை வீங்கியிருக்கும். ஒருவரின் மகன் வெளிநாட்டிலிருந்து போன் எடுப்பான். இந்த இரைச்சலுக்குள் கேள்வி எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். விடை அதற்குப் பிறகுதான். அந்த மூத்த மிசி வாசலில் நின்றே கேள்வியைக் கண்டுபிடித்தா. அதை எந்தப் புத்தகம் அவவுக்குச் சொல்லிக் கொடுத்தது?

இதே கேள்வியை அமெரிக்காவிலும் கேட்டிருக்கிறார்கள். 1974இல் மார்லீன் கிரேமர் என்ற தாதியப் பேராசிரியை ஒரு நூல் எழுதினார். படித்து முடித்த தாதியர் ஏன் வேலையை விட்டு ஓடுகிறார்கள் என்பதுதான் பொருள். படித்த இடத்தின் ஒழுங்கும் வேலைசெய்யும் இடத்தின் ஒழுங்கும் மோதுகிறபோது ஏற்படும் அதிர்ச்சி என்று அவர் விடை சொன்னார். பத்து ஆண்டுகள் கழித்து, 1984இல், பற்றீசியா பென்னர் இன்னொரு நூல் எழுதினார். புதியவர் எப்படி வல்லுநர் ஆகிறார், ஐந்து படிகளை எப்படிக் கடக்கிறார் என்று வாட்டு வாட்டாகத் தாதியரைக் கேட்டு எழுதினார். அந்த ஐந்து படிகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? டிரைபஸ் என்ற இரண்டு சகோதரர்கள் விமானிகளையும் சதுரங்கம் ஆடுபவர்களையும் கவனித்து வகுத்தவை. விமானத்தை இறக்குகிறவனும் இரவு டியூட்டி மிசியும் ஒரே விதமாகத்தான் தேறுகிறார்கள். புதியவருக்கு விதி வேண்டும். வல்லுநருக்கு ஒரு பார்வை போதும். விதியிலிருந்து பார்வைக்குப் போகிற வழியில் குறுக்கு ஒழுங்கை கிடையாது. பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு நடந்துதான் போக வேண்டும்.

இந்த நடைக்கு ஒரு வருஷத்தை ஒதுக்குவதைத்தான் அமெரிக்காவில் ரெசிடென்சி என்கிறார்கள். 2002இல் பல்கலைக்கழக ஆசுப்பத்திரிகளும் தாதியக் கல்லூரிகளின் சங்கமும் சேர்ந்து அதை ஒரு வருஷத் திட்டமாக ஆக்கின. 2010இல் அங்குள்ள மருத்துவ நிறுவனம், எல்லாப் புதிய தாதியருக்கும் அது வேண்டும் என்று அறிக்கையே கொடுத்தது. ஸ்கொட்லாந்தில் 2006 முதல் அதற்கென ஒரு திட்டம் இருக்கிறது. யப்பானில் 2010 ஏப்ரல் முதல், புதிய தாதியைப் பயிற்றுவிக்க முயல்வது ஆசுப்பத்திரியின் கடமை என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

தமிழில் இதை என்னவென்று சொல்வது? வதிவிடப் பயிற்சி என்று எழுதினால் ஹொஸ்டலில் தங்குகிற விஷயம் என்று நினைப்பீர்கள். எங்கள் ஊருக்கு ஏற்றபடி, நாதஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கிற ஒத்தின் பெயரால், ஒத்து வருஷம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒத்து ஊதுறது எண்டால் வேற அர்த்தமெல்லோ" என்று வீட்டில் சிரித்தார்கள். ஆகவே துணையாண்டு என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒத்தை நான் விடப்போவதில்லை. கும்பழாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவில் விடிய விடிய மேளச்சமா கேட்டவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்! நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் ஒரு சின்னப் பெடியன் ஒத்துப் பிடித்துக்கொண்டு நிற்பான். இன்னொருவன் தாளம் போடுவான். அவர்களை யாராவது கவனித்தீர்களா? இரவு முழுக்க அந்தத் தாளம் போடுகிறவன் என்ன செய்கிறான்? கேட்கிறான். தவில்காரர் எந்த இடத்தில் அடியைக் குறைத்தார், எந்த இடத்தில் மற்றவருக்கு வழி விட்டார், சனம் களைத்தபோது எதை எடுத்தார், எல்லாவற்றையும் கேட்கிறான். அரிச்சுவடிப் பாடங்களை அவன் எப்போதோ முடித்துவிட்டான். வீட்டில் இருந்து வாசித்தால் தவறில்லாமல் வாசிப்பான். ஆனாலும் எந்தக் குருவும் அவனை அடுத்த நாளே சமாவில் தனி ஆவர்த்தனத்துக்கு இருத்தியதில்லை. இருத்தினால் இந்த ஊர்ச் சனம் விடுமா? எழும்பிப் போய்விடுமே!

தவிலில் ஒரு அடி பிசகினால் எழும்பிப் போகிற நாங்கள், உயிர் ஊசலாடுகிற வாட்டில் மட்டும் ஏன் முதல் நாளே தனி ஆவர்த்தனத்துக்கு இருத்துகிறோம்?

டொக்டர்மாரைப் பாருங்கள். வைத்தியப் படிப்பை முடித்தாலும் ஒரு வருஷம் உள்ளகப் பயிற்சி. ஒரு பிரிவில் ஆறு மாதம், இன்னொரு பிரிவில் ஆறு மாதம். அது முடியாமல் முழுப் பதிவு இல்லை. நியாயமான சட்டம். தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்த பிள்ளைக்கு அப்படிக் கட்டிப்போட்ட ஒரு வருஷம் எங்கே? கடிதத்தோடு வந்தவள் ரோஸ்டரில் முழு ஆளாக எழுதப்படுகிறாள். படிக்கிற காலத்திலேயே வாட்டில் நின்றவர்கள்தானே என்பீர்கள். நின்றார்கள். ஆனால் அப்போது கையெழுத்து இன்னொருவருடையது. கையெழுத்துத் தன்னுடையது ஆகிற நாளில் கை நடுங்கும். எனக்கும் நடுங்கியது. சில நல்ல சிஸ்டர்மார் தாங்களாகவே புதிய பிள்ளைகளைக் கைக்குள் வைத்துப் பழக்குவார்கள். அவர்களுக்குக் கோடி புண்ணியம். ஆனால் நல்ல சிஸ்டர் வாய்ப்பது அதிர்ஷ்டம். நோயாளியின் உயிரை அதிர்ஷ்டத்தில் விடலாமா?

துணையாண்டில் என்ன நடக்கும்? சுருக்கமாகச் சொல்கிறேன். புதியவளுக்கு இன்னார்தான் துணை என்று ஒருவர் பெயர் சொல்லிக் குறிக்கப்படுவார். கண்டபடி யாரும் இல்லை, அந்த ஒருவர். முதல் கிழமைகளில் புதியவளை ஆள் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். பிறகு இரண்டு நோயாளி, நாலு நோயாளி என்று கூட்டுவார்கள். மாதத்துக்கு ஒருமுறை அந்த ஆண்டு வந்த எல்லாரும் ஓரிடத்தில் கூடி, நடந்த பிழைகளைப் பயமில்லாமல் பேசுவார்கள். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு மிகப் பிடித்தது. பிழையைச் சொன்னால் பேச்சு வாங்குகிற வாட்டில் எந்தப் பிள்ளை பிழையைச் சொல்லுவாள்? மறைப்பாள். மறைத்த பிழை இன்னொரு கட்டிலில் திரும்ப வரும்.

நடுச்சாமத்தில் டொக்டரைக் கூப்பிடுவதையும் சொல்லித்தர வேண்டும். சிரிக்காதீர்கள். புதிய பிள்ளைக்கு நோயாளியை விடப் பயம் அந்த போன்தான். "ஒண்டுமில்லாததுக்கு எழுப்பிப்போட்டா" என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். பயத்தில் கால் மணித்தியாலம் போகும், அரை மணித்தியாலம் போகும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார்கள். இப்போது நிலைமை என்ன, பின்னணி என்ன, நான் நினைப்பது என்ன, நீங்கள் செய்ய வேண்டியது என்ன. நாலே வசனம். அந்த ஒழுங்கு பின்னர் ஆசுப்பத்திரிகளுக்கு வந்தது. நாலு வசனத்தைப் பத்துத் தரம் துணையோடு சொல்லிப் பார்த்தவளுக்குப் பதினோராவது தரம் குரல் நடுங்காது.

இன்னொன்று, எங்கள் பகுதிக்கே உரியது. யாழ்ப்பாண ஆசுப்பத்திரிகளில் தென்பகுதியிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். எங்கள் பிள்ளைகளும் அங்கே போகிறார்கள். குருநாகலிலிருந்து வந்த பிள்ளைக்கு மருந்து தெரியும், ஊசி தெரியும். எங்கள் ஆச்சி "நெஞ்சு முட்டுது" என்றால் மூச்சிழுப்பு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நோகுது, உளையுது, குத்துது, எரியுது என்று எங்கள் சனம் நாலு விதமாகச் சொல்லும். நாலும் நாலு வருத்தம். உளைவுக்கும் குத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் நோயாளியின் ரிக்கெற்றில் வெறும் வலி என்று எழுதினால் பாதி விஷயம் போய்விடும். இதற்கு மொழிப் பாடப் புத்தகம் உதவாது. பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். திரும்பவும் அதே கேள்விக்கு வந்துவிட்டேன், பார்த்தீர்களா? பக்கத்தில் யார்?

இது எங்கோ வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது நினைத்தால் அவர்களை மானிப்பாய்க்கு அனுப்புகிறேன். சைக்கிளில் போய்வரும் தூரம்தான். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அங்கே ஆசுப்பத்திரி நடத்தினார். எங்கள் பெடியன்களுக்குத் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் சொல்லிக் கொடுத்தார். இரணவைத்தியம் என்று அறுவைச் சிகிச்சை நூலைத் தமிழில் கொண்டுவந்தார். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் வைத்தியம் கற்று வெளியே போனார்கள். ஆசுப்பத்திரிதான் அவர்களின் கல்லூரி, கல்லூரிதான் ஆசுப்பத்திரி. பிறகு 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக மக்லியோட் ஆசுப்பத்திரி திறந்தார்கள். எங்கள் பெண்பிள்ளைகளைத் தாதியராகப் பழக்கிய இடங்களில் அதுவும் ஒன்று. அடக்க ஒடுக்கமாக வீட்டுக்குள் இருந்த பிள்ளைகள் அந்நியரின் புண்ணைத் தொடப் பழகியது புத்தகத்தால் என்றா நினைக்கிறீர்கள்?

சரி. இனி எதிர்ப்பக்கம் பேசுகிறேன். ஏனென்றால் கேள்வி நேரத்தில் எப்படியும் கேட்கப் போகிறீர்கள்.

"மிஸ், ஆளே இல்லாத வாட்டில் இரண்டு பேரை ஒருவர் என்று எண்ணச் சொல்லுறியளோ?" நியாயமான கேள்வி. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை தாதியர் விமானம் ஏறினார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அரசாங்கமே ஊழியருக்குச் சம்பளமில்லாத லீவு கொடுத்து வெளியே போக வழிவிட்ட காலம் அது. மிச்சமிருக்கிறவர்கள் இரண்டு ஆள் வேலையைச் செய்கிறார்கள். ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. லிண்டா எய்க்கன் என்ற அமெரிக்கத் தாதிய ஆய்வாளர் 2002இல் பென்சில்வேனியாவின் 168 ஆசுப்பத்திரிகளைப் பார்த்தார். ஒரு தாதி பார்க்கிற அறுவைச் சிகிச்சை நோயாளியின் எண்ணிக்கையில் ஒன்று கூடினால், முப்பது நாளுக்குள் நோயாளி இறக்கும் சாத்தியம் 7 சதவீதம் கூடுவதாகக் கண்டார். ஆகவே துணையாண்டுக்காக வாட்டைக் காலியாக்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இதையும் கேளுங்கள். முதல் வருஷத்தில் பயந்து, வெறுத்து, இரவில் அழுது, விட்டுப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் அந்த ரோஸ்டரில் இன்னொரு ஓட்டைதானே? ஓட்டை வாளியில் எவ்வளவு தண்ணி இறைத்தால் என்ன?

ஒரு வருஷம் முடியாதா? ஆறு கிழமையில் தொடங்குங்கள். அதுவும் முடியாதா? முதல் மூன்று மாதம் இரவு டியூட்டியில் தனியே விடமாட்டோம் என்ற ஒரே ஒரு விதியையாவது வையுங்கள். அதற்குக் கட்டடம் வேண்டாம், வெளிநாட்டுக் காசு வேண்டாம். ரோஸ்டர் எழுதுகிறவரின் பேனை போதும்.

அடுத்தது, என் வயதுக்காரருக்கு. கோபிக்காதீர்கள். "நாங்களும் உப்பிடித்தான் பேச்சு வாங்கிப் படிச்சனாங்கள்" என்று சொல்லுகிறோம். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. அமெரிக்காவில் 1986இல் ஜூடித் மைஸ்னர் என்ற தாதி, மூத்தவர் புதியவரை நோகடிக்கிற இந்தப் பழக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது, தாதியர் தங்கள் குஞ்சுகளையே தின்கிறார்களா என்ற பொருளில் தலைப்பு வைத்தார். என்னைத் தின்றவர்கள் இருந்தார்கள். நானும் ஓரிருவரைக் கடித்திருக்கிறேன். இந்த மண்டபத்திலேயே அவர்களில் ஒருத்தி இருக்கிறா. சிரிக்கிறா, பாருங்கள். ஆகவே துணையாக யாரை வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். வேலையில் கெட்டிக்காரிகள் எல்லாரும் சொல்லிக்கொடுப்பதில் கெட்டிக்காரிகள் அல்ல. துணையாக நிற்பவருக்கும் பயிற்சி வேண்டும், நேரம் வேண்டும், அதற்கென ஒரு மரியாதை வேண்டும்.

பயிற்சி என்ற பெயரைச் சொல்லிச் சம்பளத்தைப் பாதியாக்குகிற கெட்டித்தனத்தையும் நான் கண்டிருக்கிறேன். எந்த இடம் என்று சொல்லமாட்டேன். துணையாண்டு என்று பெயர் வைத்து, முழு வேலையை வாங்கி, அரைச் சம்பளம் கொடுத்தால் அது துணையுமல்ல, ஆண்டுமல்ல. அதற்கு என் பெயரை இழுக்காதீர்கள்.

டெங்கு வாட்டில் அந்த இரவு நின்ற பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாசலில் பிடித்துக் கேட்பீர்கள். அவள் வேலையை விடவில்லை. விடத்தான் இருந்தாள். ராஜினாமாக் கடிதத்தை எழுதி, கைப்பைக்குள் மடித்து வைத்திருந்தாள். மருந்து கடன் வாங்க வந்த அந்த மூத்த மிசி, அடுத்த ஒரு மாதம் தன் இரவு டியூட்டியை அவளுடைய இரவுகளுக்கு மாற்றி எடுத்தா. யாரும் சொல்லவில்லை. ரோஸ்டரில் காரணம் எழுதவில்லை. ஒவ்வொரு இரவும் கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டா: "இவரைப் பார். என்ன தெரியுது?" முதல் நாள் அவள் பிரஷரையும் நாடியையும் சொன்னாளாம். மிசி தலையாட்டிவிட்டுச் சொன்னாவாம்: "அது ரிக்கெற்றிலை இருக்கு. நான் கேட்டது ஆளை."

அந்த மூத்த மிசி இப்போது இல்லை. ஆனால் இந்த ஊரிலும் சுற்று ஊர்களிலும், தெல்லிப்பழையிலும் யாழ்ப்பாணத்திலும் முப்பது, முப்பத்தைந்து வருஷம் வேலை செய்து ஓய்வெடுத்தவர்கள் இருக்கிறீர்கள். கத்தரிக்கன்றுக்குத் தண்ணி விட்டுக்கொண்டும், பேரப்பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி இறக்கிக்கொண்டும் இருக்கிறீர்கள். உங்களில் பத்துப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் இந்த மண்டபத்துக்கு வந்தால் போதும். வெள்ளை உடுப்போடு முன்வரிசையில் இருக்கிற இந்தப் பிள்ளைகள் அந்தக் கிழமை வாட்டில் நடந்ததை, நோயாளியின் பெயரை விட்டுவிட்டு, உங்களிடம் வந்து சொல்லட்டும். நீங்கள் கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். ஆசுப்பத்திரி செய்ய வேண்டியதை ஊர் முழுதாகச் செய்ய முடியாது, எனக்குத் தெரியும். ஆசுப்பத்திரி தொடங்குகிற வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் மேசை மேல் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். போகும்போது உங்கள் பெயரையும், வேலை செய்த வாட்டையும், வரக்கூடிய நேரத்தையும் எழுதிவிட்டுப் போங்கள். முதல் பெயர் என்னுடையது, எழுதியாயிற்று. பேனையைக் கயிற்றில் கட்டித்தான் வைத்திருக்கிறேன். வாட்டில் பழகின பழக்கம்.